பதில் தெரிகிறது, வாசிக்க வரவில்லை

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். அவர்களில் ஒரு பையன், 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவன். அறிவியல் பாடம் நடத்திவிட்டுக் கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குபவன் அவன்தான். புத்தகத்தைக் கையில் கொடுத்தாலோ ஒரு வரியைத் தாண்டுவதற்குள் வியர்த்துவிடுகிறது. ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்கிறான். ‘கொடி’யைக் ‘கெடி’ என்கிறான். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. தேர்வுத் தாள் பெரும்பாலும் வெறுமையாகவே வருகிறது. இப்போது தமிழ் வகுப்பு தொடங்கினாலே வயிறு வலிக்கிறது என்று வெளியே போய்விடுகிறான். மற்ற பிள்ளைகள் ‘மக்கு’ என்கிறார்கள். அவனுடைய அப்பா கொத்தனார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ‘நாலு போட்டால் படிப்பான்’ என்கிறார். தலைமையாசிரியர் நல்லவர்தான்; ஆனால் ‘நம்மால் ஆகாது, சிறப்புப் பள்ளியில் சேர்க்கச் சொல்லுங்கள்’ என்கிறார். அனுப்பிவிடலாமா? இங்கேயே இருந்தால் இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் நான் என்ன செய்ய முடியும்? அவனுக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்ற பெற்றோர் கேள்வி கேட்கமாட்டார்களா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். அனுப்ப வேண்டாம். சிறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் அறிவுசார் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக நடப்பவை. அங்கே அருமையான பணி நடக்கிறது. ஆனால் பாடத்தைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டு கை தூக்கும் பையனுக்கு அங்கே கற்க என்ன இருக்கிறது? அவன் இருக்க வேண்டிய இடம் உங்கள் வகுப்பு.

கேட்டால் விளங்குகிறது, எழுத்தாகப் பார்த்தால் விளங்கவில்லை என்ற இந்த இடைவெளியைத்தான் நீங்கள் சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், வாசிக்க வராத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அந்தச் சிறுவனின் ஆசிரியர் சொன்னதாக அதில் இருக்கிறது. இன்று டிஸ்லெக்சியா என்று நாம் சொல்லும் வாசிப்புக் குறைபாட்டைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் அதுவும் ஒன்று. ஓர் ஆசிரியரின் கவனிப்பிலிருந்து வந்தது அது. உங்கள் கவனிப்புக்கும் அந்த மதிப்பு உண்டு.

ஆனாலும் டிஸ்லெக்சியா என்ற பெயரை நீங்கள் அவனுக்கு வைக்க வேண்டாம். நானும் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு வைக்கமாட்டேன். முதலில் கண், காது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண் பரிசோதனை நடக்கிறது, கண்ணாடியும் இலவசமாகக் கிடைக்கிறது. பரிசோதனை நாளில் அவன் பள்ளிக்கு வந்திருந்தானா என்று பதிவேட்டைப் பாருங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வரும் பிள்ளையா என்று அம்மாவிடம் கேளுங்கள். இவை எளிய காரியங்கள், ஆனால் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்தது கொரோனா காலம். 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பே நடக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அதற்குள் இவன் இரண்டாம் வகுப்பின் நடுவே வந்துவிட்டான். எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் பழகும் பருவம் வீட்டில் கழிந்தது. ஆகவே அந்த ஆண்டு சேர்ந்தவர்களில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் எல்லாருக்கும் கற்றல் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. பலருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. சொல்லிக்கொடுக்கப்படாததால் பின்தங்கிய பிள்ளை, முறையாகக் கற்பித்தால் சில மாதங்களில் விறுவிறுவென்று ஏறிவிடும். குறைபாடு உள்ள பிள்ளை அதே பயிற்சியில் மிக மெதுவாக நகரும். நேற்று வந்தது இன்று போய்விடும். இவன் மூன்றாம் வகுப்பில் இருந்த 2022இல்தான், சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. அப்போது அவனுக்குப் பாடம் எடுத்த ஆசிரியரைத் தேடிப் பேசுங்கள். உடன் படித்தவர்கள் அந்த வகுப்புகளில் தேறி வந்தபோது இவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றானா? அந்த ஒரு தகவல் பின்னால் மதிப்பீடு செய்யும் உளவியலாளருக்கு மிகவும் உதவும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி. காரணம் எதுவாக இருந்தாலும் கற்பிக்கும் முறை ஒன்றுதான், அதைத் தொடங்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. பள்ளிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது என்னவென்றால், ‘பெயர் கொடுத்தாயிற்று, மதிப்பீடு செய்யும் மருத்துவ முகாம் வரட்டும்’ என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். முகாம் வந்து, மருத்துவமனைக்கு அலைந்து, மாற்றுத்திறனாளி அட்டை கைக்கு வரும்போது பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போயிருக்கிறது. வாசிப்பு மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. சான்றிதழ் தேர்வறையில் கைகொடுக்கும். வாசிக்கக் கற்றுக்கொடுப்பது ஆசிரியர் மட்டும்தான். ஆகவே அடுத்த திங்கட்கிழமையே தொடங்குங்கள்.

தினமும் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பதில் பயனில்லை. 38 பேர் உள்ள வகுப்பில் இவன் ஒருவன் மட்டுமே தடுமாறுகிறவனாக இருக்க வாய்ப்பில்லை. அழகான கையெழுத்தில் கரும்பலகையை அப்படியே பார்த்தெழுதிவிட்டு, வாசிக்கச் சொன்னால் தலை குனியும் பெண் பிள்ளைகள் இருப்பார்கள். சத்தம் போடாததால் யார் கண்ணிலும் படமாட்டார்கள். தேடிப் பார்த்து நான்கைந்து பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். அவனும் தனியாகச் சுட்டிக்காட்டப்படமாட்டான்.

எங்கே தொடங்குவது என்பதை அவனுடைய பிழைகளே சொல்கின்றன. ‘பட்டம்’, ‘படம்’ ஆகும்போது ஒற்று தவறிப்போகிறது. அதைத் தவறவிடுவது கண்ணா, காதா? கண்ணை மூடச் சொல்லி ‘பாடு, பாட்டு’, ‘அணி, அண்ணி’, ‘கனி, கன்னி’ என்று இணை இணையாகச் சொல்லி, ஒரே சொல்லா வேறு சொல்லா என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் காது வேலை செய்கிறது. பிறகு ‘ப-ட்-ட-ம்’ என்று ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கூழாங்கல் நகர்த்தச் சொல்லுங்கள். மூன்று கல் நகர்த்துகிறானா, நான்கா என்று பாருங்கள். எழுத்தைக் காட்டுவது அதற்குப் பிறகு.

‘கொடி’, ‘கெடி’ ஆவது வேறு கதை. நாம் பழகிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை. தமிழ் எழுத்தில் இது உண்மையிலேயே கடினமான இடம். ‘கொ’வைப் பார்க்கும் கண்ணுக்கு முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ‘க’, கடைசியில் துணைக்கால். வாயோ முதலில் ‘க்’ ஒலியைச் சொல்லிவிட்டு ‘ஒ’வுக்குப் போக வேண்டும். கொம்பையும் காலையும் சேர்த்துப் பிடித்தால்தான் ‘ஒ’ கிடைக்கும். இவன் கொம்பைப் பிடித்தான், காலை விட்டுவிட்டான். எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசைகளில் இந்தச் சிக்கல் இருக்கிறது. உ, ஊ வரிசைகளில் இன்னொரு சிக்கல்: கு, சு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து அந்தக் குறி உருவம் மாறுகிறது. ‘கா’ தெரிந்தால் ‘மா’வும் ‘பா’வும் தானாக வந்துவிடும், ‘கு’ தெரிந்தால் ‘து’ வராது.

ஆகவே 247 எழுத்து என்று அவனை மலைக்க வைக்காதீர்கள். அட்டைகளில் உயிர் பன்னிரண்டு, அகர வரிசை பதினெட்டு எழுதிக் காட்டி, எவை தடுமாறாமல் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அவை வந்துவிட்டால் துணைக்காலில் தொடங்கி ஒவ்வொரு குறியாகப் போங்கள். எந்தக் குறியில் தடுக்குகிறானோ அங்கேயே நில்லுங்கள். ஒரு குறி உறுதியாகும்வரை அடுத்ததற்குப் போகக் கூடாது. ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மணலிலோ மேசையிலோ விரலால் எழுத வேண்டும். கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் உருவாக்கிய முறையின் சாரம் இதுதான். உலகெங்கும் சிறப்பாசிரியர்கள் இன்றும் இதன் வழிவந்த முறைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

வாசிக்கக் கொடுக்கும் சொற்கள் அதுவரை கற்ற எழுத்துகளால் மட்டுமே ஆனவையாக இருக்கட்டும். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள். பதினோரு வயதுப் பையனுக்கு நண்பர்கள் எதிரில் அணில், ஆடு படம் பார்ப்பதைவிட அவமானம் இல்லை. அப்பாவின் வேலையிலிருந்தே சொற்களை எடுங்கள்: மணல், செங்கல், கொத்து, மூலைமட்டம், தூக்குக்குண்டு. கொம்பும் ஒற்றும் உகரமும் அதிலேயே இருக்கின்றன. அந்தச் சொற்கள் அவனுக்குச் சொந்தமானவை. உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்தவை.

தமிழைப் பொறுத்தவரை இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒழுங்கானது. அதனால் நம் பிள்ளைகள் பயிற்சியில் பிழையின்றி வாசிக்கும் நிலையை எட்டிவிடக் கூடும்; வேகம் மட்டும் வராது. ‘இப்போதுதான் சரியாக வாசிக்கிறானே, எழுதுவதற்கு ஏன் இவ்வளவு நேரம்?’ என்று எட்டாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் கேட்பார். அந்த மெதுவும் அதே குறைபாட்டின் முகம்தான் என்று அவருக்கு நீங்கள் இப்போதே எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இனி வகுப்பறை. முன்னறிவிப்பு இல்லாமல் அவனை எழுப்பி வாசிக்கச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த வயிற்று வலி நடிப்பு என்று நான் நினைக்கவில்லை; பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். அவன் வாசிக்க வேண்டுமென்றால் இரண்டு வரியை முதல்நாளே கொடுத்துப் பழகிவரச் சொல்லுங்கள். பாடத்தை வீட்டில் கேட்கட்டும்: 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் உள்ள க்யூஆர் குறியீட்டை அம்மாவின் கைபேசியில் காட்டினால் பாடக் காணொளிகள் கிடைக்கும். கரும்பலகையில் இருப்பதை முழுவதும் எழுத வேண்டாம். முக்கியமான மூன்று வரி போதும், மீதியைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்து நகலெடுத்து ஒட்டிவிடலாம். அறிவியல் விடைத்தாளில் எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம். தவறாக எழுதிய சொல்லைப் பத்துமுறை எழுதச் சொல்லும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இரண்டாவது முறையிலிருந்து அவன் எழுத்தைப் பார்ப்பதே இல்லை, மேலிருக்கும் கோடுகளைப் பார்த்து வரைகிறான். கை வலிப்பதுதான் மிச்சம்.

‘மக்கு’ என்ற சொல்லை வகுப்பில் யாரும் சொல்லக் கூடாது என்று நீங்கள் ஒருமுறை உறுதியாகச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் ஓய்வறையிலும் அது வரக் கூடாது. பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

மற்ற பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அறிவியல் தேர்வில் நாம் அளப்பது அறிவியலை. ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. வினாவை வாசித்துக் காட்டி, விடையை வாயால் சொல்லக் கேட்டு மதிப்பெண் போட்டால், தெரிந்ததற்கு மட்டும்தான் மதிப்பெண் போகிறது, தெரியாததற்குப் போகாது. பாடத்தின் தரத்தைக் குறைக்காதீர்கள், கேள்வியை எளிதாக்காதீர்கள். அவனுக்கு அது தேவையுமில்லை. இப்படி விளக்கினால் புரிந்துகொள்ளாத பெற்றோர் குறைவு.

அப்பாவிடம் பேசுவது இதைவிடக் கடினம். அவர் எட்டாம் வகுப்போடு நிறுத்தினார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் நிறுத்தினார் என்று கேட்டிருக்கிறீர்களா? வறுமையாக இருக்கலாம். ஆனால் வாசிப்புக் குறைபாடு குடும்ப வழியில் தொடர்வது உண்டு. தன் பிள்ளையை அடிக்கும் கையில், தான் வகுப்பில் வாங்கிய அடி இருக்கலாம். குற்றம் சாட்டும் குரலில் தொடங்காமல், ‘உங்களுக்குப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள். பையன் அறிவியல் வகுப்பில் சொன்ன பதில் ஒன்றை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். அவன் சோம்பேறி இல்லை, ஒரு வரியை வாசிக்க மற்றவர்களைவிடப் பல மடங்கு உழைக்கிறான் என்று சொல்லுங்கள். அடித்தால் வாசிப்பு வராது, பள்ளிக்கு வருவதுதான் நிற்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஐன்ஸ்டைனுக்கும் எடிசனுக்கும் டிஸ்லெக்சியா இருந்தது என்று சொல்லித் தேற்றுவதை நான் விரும்புவதில்லை. இறந்துபோனவர்களுக்கு நாமாகச் செய்யும் நோயறிதல் அது. அதோடு, இவனுக்குள் ஏதோ ஒரு மேதை ஒளிந்திருக்கிறான் என்ற எதிர்பார்ப்பையும் அவன் தலையில் ஏற்றிவிடுகிறது. படம் வரையத் தெரியாத, பாட்டு பாடத் தெரியாத சாதாரணப் பிள்ளைக்கும் வாசிக்கக் கற்றுக்கொள்ளும் உரிமை இருக்கிறது.

கற்பித்தல் ஒருபுறம் நடக்கட்டும், காகித வேலையையும் உடன் தொடங்குங்கள். உங்கள் வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார். முதலில் அவரைப் பாருங்கள். அவர் மருத்துவ முகாமுக்கோ, அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கோ அனுப்புவார். ‘ஆரம்ப’ என்று இருந்தாலும் 18 வயது வரை அங்கே பார்ப்பார்கள். சென்னைக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் மதிப்பீடு செய்கிறார்கள். சான்றிதழ் கிடைத்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கோரலாம். விலக்கு கிடைக்கும் என்பதற்காகத் தமிழ் வாசிப்பைக் கைவிட்டுவிடக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. பஸ் பலகையும் மருந்துச் சீட்டும் வாழ்நாள் முழுவதும் கூட வரும். சான்றிதழை இடையில் புதுப்பிக்க வேண்டியிருக்கும், அதில் உள்ள தேதியைக் குறித்து வையுங்கள். ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லுக்குப் பெற்றோர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். முடிவு அவர்களுடையது, உங்கள் பதினைந்து நிமிடம் அதைச் சார்ந்து இல்லை.

தலைமையாசிரியரிடம் சட்டத்தைச் சொல்ல வேண்டிவந்தால் சொல்லுங்கள், சண்டையாக வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ம் அவற்றில் ஒன்று. அதை விரைவில் கண்டறிந்து தக்க கற்பித்தல் முறைகளைக் கையாள்வது கல்வி நிறுவனங்களின் கடமை என்று அதன் 16ஆவது பிரிவு சொல்கிறது. தேர்வில் கூடுதல் நேரத்தையும் எழுதுபவரையும் பற்றி 17ஆவது பிரிவு பேசுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது; அடிப்பதும் மனத்தை நோகடிப்பதும் அதே சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘நம்மால் ஆகாது’ என்று அவர் சொல்வது, என்ன செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லாததால்தான் இருக்கும்.

அவரிடம் கேட்க வேண்டியது இப்போதைக்கு ஒன்றே ஒன்று. அடுத்து வரும் பருவத் தேர்வு பொதுத்தேர்வு இல்லை. வினாத்தாளை அவனுக்கு ஒருவர் வாசித்துக் காட்டவும், முடிப்பதற்குக் கூடுதல் நேரம் தரவும், அறிவியலிலும் சமூக அறிவியலிலும் விடைகளை வாய்மொழியாகக் கேட்டுப் பதிவு செய்யவும் அனுமதி கேட்டு, தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். அவன் எழுதிய தாளையும் வாய்மொழி விடைக் குறிப்பையும் சேர்த்து ஓர் உறையில் போட்டு வையுங்கள். சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கப் போகும்போது அந்த உறையையும், பதினைந்து நிமிட வகுப்பில் எந்தக் குறியில் எத்தனை நாள் நின்றீர்கள் என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.